மேம்பாலத்துக்கு ஒரு கண்டக்டர்

கேள்வி: நஷ்டம் என்று 1953-இல் நிறுத்தப்பட்ட சென்னை டிராமை மறுபடி விடலாம் என்று அவ்வப்போது பேச்சு கிளம்புகிறதே, வந்தால் லாபத்தில் ஓடுமா? லண்டனுக்கே முன்னோடியான நாம் அதைத் தொலைத்தது சரியா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: பஸ், ரயில், டிராம் என்று வந்தால் மட்டும் எல்லோருக்கும் லாபக்கணக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. ஜெமினி மேம்பாலத்தைத் திறந்தது 1973-இல். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அங்கேயே நிற்கிறது, ஒருத்தரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. 'பாலம் நஷ்டத்தில் நிற்கிறது, இடித்துவிடலாமா?' என்று ஒரு வாசகராவது எனக்குக் கார்டு போட்டதுண்டா?

சரி, வசூல் பண்ணித்தான் பார்ப்போமே. பாலம் ஏறும் இடத்தில் ஒரு கண்டக்டரை உட்கார வைப்போம். அவர் இருக்கையை விட்டு எழுந்து வரமாட்டார், அது நம்மூர் மரபு. அதனால் பின்னால் நிற்கும் கார்க்காரர்கள் காசை முன் கார் ஜன்னல் வழியாகக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்ப வேண்டும். 'இன்னோவா சார், ஒரு ஆளுக்கு இவ்வளவு பெரிய வண்டியா? காலி சீட்டுக்கெல்லாம் லக்கேஜ் போடணும்.' ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், 'சில்லறை இல்லாம எதுக்குப் பாலத்துல ஏறுறீங்க?' என்று ரிவர்ஸிலேயே இறக்கிவிட வேண்டும். நடுப்பாலத்தில் செக்கிங், டிக்கெட்டை வாட்ச் வாரில் செருகியிருப்பவர் தப்பித்தார். வருஷக் கடைசியில் வரவு போதவில்லையா, சர்வீஸைக் குறை! ஞாயிற்றுக்கிழமை பாலம் கிடையாது, மற்ற நாளில் மதியம் ஒன்று முதல் மூன்றுவரை ஷிப்ட் மாற்றம், கீழே சுற்றிக்கொண்டு போகவும்.

அப்புறம் அந்த லண்டன். டிராமைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தப் பெருமையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்துவிடுகிறார்கள், நானும் சளைக்காமல் பதில் எழுதுகிறேன். இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895 மே 7, லண்டனில் 1901. ஒப்புக்கொள்கிறேன், சந்தோஷம். ஆனால் அதே லண்டனில் 1890-லேயே பூமிக்கடியில் மின்சார ரயில் ஓடியது, அதே இங்கிலாந்தில் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் 1885-லேயே மின்சார டிராம் ஓடியது. வேடிக்கை என்னவென்றால் பிளாக்பூலும் சென்னையும் முதலில் ஒரே வழியில்தான் போயின. மின்கம்பியை மேலே கட்டாமல் தரைக்கடியில் ஒரு காடி வெட்டி அதற்குள் விட்டார்கள். கடற்கரை மணலும் உப்புத்தண்ணீரும் அவர்களைப் படுத்தின, நம்மை வடகிழக்குப் பருவமழை படுத்தியது. இரண்டு ஊரும் கம்பியை மேலே கொண்டுபோயின. பிளாக்பூலில் இன்றைக்கும் டிராம் ஓடுகிறது. முன்னோடி என்று மார்தட்டுகிற நமக்கு, கம்பெனி திவாலாகி, 1953 ஏப்ரலில் கதை முடிந்தது.

அதே 1953-இல், ஜூலையில், கல்கத்தாவில் டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரே ஒரு பைசா ஏற்றியது. ஊரே தெருவுக்கு வந்தது. டிராம்களைக் கொளுத்தினார்கள், உயர்வு ரத்தானது. கொளுத்தியதை நான் மெச்சவில்லை. ஆனால் டிராம் போவதும் வருவதும் தங்கள் விஷயம் என்று அந்த ஊர் நினைத்தது. அதனால்தான் இந்தியாவில் மற்ற ஊர்களெல்லாம் மூட்டை கட்டியபிறகும் (பம்பாய் 1964) அங்கே மட்டும் ஓடியது. பிற்பாடு அங்கேயும் என்ன செய்தார்கள்? டிராமுக்கென்று தனியாக இருந்த தடங்களைப் பல சாலைகளில் பொதுப்பாதையாக்கிக் கார்களை விட்டார்கள். கார் குறுக்கே நின்றது, டிராம் நகரவில்லை. உடனே, டிராமால்தான் நெரிசல் என்றார்கள். 2024 செப்டம்பரில் எஸ்பிளனேடு–மைதான் துண்டு ஒன்றைப் பாரம்பரியத்துக்காக வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக மாநில அமைச்சர் அறிவித்தார்.

மெல்போர்னில் இதெல்லாம் நடக்கவில்லை. மற்ற நகரங்கள் தண்டவாளத்தைப் பெயர்த்த காலத்தில் பெயர்க்காமல் வைத்திருந்தார்கள். இன்று சுமார் 250 கிலோமீட்டர், உலகிலேயே பெரிய டிராம் வலை. நகர மையத்துக்குள் 2015 முதல் டிக்கெட்டே கிடையாது. நஷ்டக்கணக்கை அவர்களுக்கு அனுப்பிப் பாருங்கள்.

நம்மூருக்கு வந்தால் லாபத்தில் ஓடுமா? ஓடாது, ஓடவும் வேண்டாம். எனக்கு இருக்கும் சந்தேகமே வேறு. டிராமால் ஒதுங்கிப் போக முடியாது. தண்டவாளத்தில் ஒருத்தர் காரை நிறுத்திவிட்டு 'ரெண்டே நிமிஷம்' என்று இட்லி பார்சல் வாங்கப் போனால், பின்னால் எத்தனை டிராம் உண்டோ அத்தனையும் வரிசையாக நிற்கும். நடைபாதையிலேயே புல்லட்டை ஓட்டுகிற ஊரில் தண்டவாளத்தைக் காலியாக வைத்திருக்க யார் இருக்கிறார்கள்? வண்டி வாங்குவது சுலபம், தடத்தைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். இந்த லட்சணத்தில் 2011-இல் மோனோரயில் வரும் என்றார்கள். அதன் ஒரு தூணையாவது பார்த்த வாசகர் யாராவது இருந்தால் படம் அனுப்பவும், அட்டையில் போடுகிறேன். பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைவரை ஐந்து கிலோமீட்டர் நீட்டுகிற வேலை 2008-இல் தொடங்கியது, கடைசி அரை கிலோமீட்டர் நிலத்தகராறில் சிக்கிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. அதற்காகவும் ஒருத்தர்கூட எனக்குக் கார்டு போடவில்லை. லண்டனைப் பற்றி மட்டும் இந்த வாரம் இன்னும் மூன்று கடிதம் வந்து கிடக்கிறது.