தம்பியிடம் கேட்டால் மரியாதை போய்விடுமா?

கேள்வி: மதுரை பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டையில் இருபது வருடத்துக்கும் மேலாக லேத் ஓட்டுகிறேன். இப்போது பட்டறைக்கு சிஎன்சி, அதாவது எண்ணைத் தட்டினால் கம்ப்யூட்டர் வழியாகத் தானே வெட்டும் மெஷின், வந்துவிட்டது. டிப்ளமோ முடித்த பையன்தான் பார்த்துக்கொள்கிறான். முதலாளி கேட்டபோது எனக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டேன். பையனிடம் கேட்க வாய் வரவில்லை. சபைக் கமிட்டியில் இருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடங்கிப் போவதுதான் தாழ்மையா, ஐயா?

பதில்: உங்கள் மெஷினை வைத்தே பேசுவோமே. 25 மி.மீ. வரவேண்டிய ஷாஃப்ட் 25.04 வந்திருக்கிறது. லேத்தில் ஆரக் கணக்கில் பழகிய கை, இதில் பாதியைப் போடச் சொல்லும். விட்டக் கணக்கில் ஓடும் சிஎன்சியிலோ ஆப்செட் பக்கத்தில் (அளவைத் திருத்த எண் போடும் திரை) முழு 0.04-ஐயும் மைனஸில் போட வேண்டும். பாதி போட்டால் அளவு வராது. புள்ளி தவறி 0.4 போட்டால் ஜாப், அதாவது வெட்டுகிற துண்டு, ஸ்கிராப். பையனிடம் கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவான்.

அப்போஸ்தலர் 18-ல் அப்பொல்லோ வருகிறார். வேதத்தில் கரைகண்டவர், பேச்சில் வல்லவர். ஆனால் யோவானின் ஞானஸ்நானத்தோடு அவர் அறிவு நின்றிருந்தது. மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும்; கூடாரம் செய்து பிழைத்தவர்கள். ஜெபஆலயத்தில் எல்லார் முன்னாலும் அவரை மறிக்காமல், தனியே அழைத்துப்போய் விளக்கினார்கள். அப்பொல்லோவும் கேட்டுக்கொண்டார். அப்புறமும் அவர் பிரசங்கியாராகத்தான் இருந்தார், மரியாதை ஒன்றும் குறையவில்லை.

நம்ம மதுரையிலேயே ஆள் உண்டு. 1606-ல் இங்கே வந்த இத்தாலிய குருவானவர் ராபர்ட் தெ நொபிலி, போதிக்க வந்தவர். வந்த இடத்தில் தமிழ் படித்தார். சிவதர்மர் என்ற பண்டிதரிடம் சமஸ்கிருதம் படித்தார். கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் முன் மாணவராக உட்கார அவர் கூச்சப்படவில்லை.

ஆக, ஷிஃப்ட் தொடங்குமுன் பத்து நிமிடம் அந்தத் தம்பியோடு நில்லுங்கள். அவன் செய்து காட்டினால் போதாது. நீங்கள் எண்ணைத் தட்ட, அவன் பார்க்கட்டும்.

அடங்கிப் போவது பற்றிக் கேட்டீர்களே. ஜாப் வெட்டும்போது கிறீச்சென்று அதிர்வுச் சத்தம் வந்தால், டூல் அதிகமாக வெளியே நீண்டிருக்கிறதா என்று உங்களுக்கு உடனே பார்க்கத் தோன்றும். பையனுக்கு அந்தக் காது இன்னும் வந்திருக்காது. அங்கே 'நமக்கெதற்கு' என்று வாயை மூடிக்கொள்வதை நான் தாழ்மைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் கோபமும் இருக்கும், இல்லையா? மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள். விளக்கத்தை டீ நேரத்தில் தனியே சொல்லலாம், அவனுக்கும் மானம் உண்டு.

முதலாளி விஷயம்தான் கஷ்டம். தள்ளிப்போட வேண்டாம், நாளைக்கே போய்ச் சொல்லுங்கள்: "தெரியும்னு சொன்னது தப்பு சார். லோடிங், அளவு பார்ப்பது எல்லாம் வரும்; ஆப்செட் இன்னும் வரவில்லை. கொஞ்ச நாள் தம்பி என்கூட நிற்கட்டும்." முகம் சுளிப்பார், ஒரு வார்த்தை கூட விழலாம். ஸ்கிராப் பெட்டி நிறைந்தபிறகு விழுவதைவிட அது குறைவாகவே இருக்கும்.