மஸ்ட், ஷுட், ஹேவ் டு: மூன்றுமே 'வேண்டும்' தானே?

மஸ்ட், ஷுட், ஹேவ் டு மூன்றுக்கும் தமிழில் 'வேண்டும்' என்றுதானே வருகிறது, எதை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். பையர், அதாவது எங்களிடம் துணி வாங்கும் கம்பெனி, அனுப்பும் மெயிலைப் படித்து கட்டிங், தையல், பேக்கிங் ஆட்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலையில் பாதி. நான் பார்த்தவரை 'வேண்டும்' அவ்வளவு தொல்லை தருவதில்லை. 'வேண்டாம்'தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒருமுறை 'பாலி பேக்ஸ் மஸ்ட் நாட் பி சீல்டு' என்று மெயில் வந்தது. துணி போடும் பிளாஸ்டிக் பையின் வாயை ஒட்டவே கூடாது என்று அர்த்தம். நான் பேக்கிங்குக்குப் போன் போட்டு, "பை ஒட்ட வேண்டாங்களாம்" என்றேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பாதிப் பெட்டிகளில் டேப் ஒட்டிய பைகள். பேக்கிங் பார்க்கும் அண்ணன் சொன்னார்: "ஏனுங், ஒட்ட வேண்டாம்னுதானுங்க சொன்னீங்க, ஒட்டக் கூடாதுன்னு சொல்லலீங்களே. ஒட்டுனா நீட்டா இருக்கும்னு ஒட்டிட்டமுங்க." அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ராத்திரி பதினொரு மணி வரை எல்லோரும் உட்கார்ந்து பிரித்தோம்.

'வேண்டாம்' என்பதற்கு அவசியமில்லை என்றும் பொருள், செய்யாதே என்றும் பொருள். ஆங்கிலத்தில் இரண்டும் தனித்தனி. டோன்ட் ஹேவ் டு என்றால் செய்யத் தேவையில்லை, செய்தாலும் குற்றமில்லை. மஸ்ட் நாட் என்றால் கூடாது, தடை. மஸ்ட்டும் ஹேவ் டுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் 'நாட்' சேர்ந்ததும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போய்விடும். அன்றிலிருந்து மெயிலைப் பிரிண்ட் எடுத்து, மஸ்ட் நாட் பக்கத்தில் 'கூடாது', டோன்ட் ஹேவ் டு பக்கத்தில் 'தேவையில்லை' என்று சிவப்புப் பேனாவில் எழுதித்தான் கீழே அனுப்புகிறேன்.

இனி 'வேண்டும்'. நம் ஊரில் "இன்னைக்கே அனுப்போணுங்க" என்றால் யாருக்கும் கோபம் வராது. கடைசியில் வரும் அந்த 'ங்க' கட்டாயத்தின் சூட்டைக் குறைத்துவிடுகிறது. மஸ்ட்டுக்கு அப்படி ஒரு 'ங்க' கிடையாது. அதே நினைப்பில் பையருக்கு 'யூ மஸ்ட் அப்ரூவ் டுடே' என்று எழுதினால் அதட்டுகிற மாதிரி இருக்கும். 'குட் யூ ப்ளீஸ் அப்ரூவ் டுடே' என்று கேளுங்கள். மரியாதை அங்கே வாக்கியத்தின் தலையில் உட்காரும், நமக்கு வாலில்.

யோசனை சொல்ல ஷுட். 'யூ ஷுட் சீ எ டாக்டர்' என்றால் டாக்டரைப் பார்ப்பது நல்லது, முடிவு உங்களுடையது. ஹேட் பெட்டர் அதைவிடக் காரமானது, கேட்காவிட்டால் வம்பு என்கிற எச்சரிக்கை அதில் இருக்கும். பெரியவர்களிடமும் பையரிடமும் அதைத் தவிருங்கள். மஸ்ட் பெரும்பாலும் பேசுகிறவரே வைக்கும் கட்டாயம். ஹேவ் டு வெளியிலிருந்து வருவது: கம்பெனி விதி, சட்டம், பஸ் நேரம். இந்த வித்தியாசத்துக்காக ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, மாற்றிப் போட்டாலும் புரியும்.

ஒப்பந்தம், தரச் சான்று மாதிரியான தாள்களில் மட்டும் கறாராகப் படியுங்கள். ஐஎஸ்ஓ என்கிற சர்வதேச அமைப்பின் தரநிலைகளில் ஷால் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் பரிந்துரை, மே என்றால் அனுமதி.

அப்புறம், மஸ்ட்டுக்குப் பின்னால் டு வராது. 'மஸ்ட் டு கோ' தப்பு, 'மஸ்ட் கோ' சரி. நேற்று போக வேண்டியிருந்தது என்பதற்கு 'ஹேட் டு கோ'. 'யூ ஷுட் ஹேவ் இன்ஃபார்ம்டு அஸ்' என்று மெயில் வந்தால் அதை யோசனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்கிற வருத்தம் அது. பதிலில் முதல் வரி மன்னிப்பாக இருக்கட்டும், காரணத்தை அடுத்த வரியில் எழுதுங்கள்.