கெட்டவர்கள் பட்டியலில் டீச்சர்

வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிப்பவர், தொடக்கப் பள்ளியில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை.

கேள்வி: நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. நன்மை, தீமை பற்றி வெவ்வேறு சமயங்களும் தத்துவங்களும் என்ன சொல்கின்றன என்று ஆறு வாரம் பாடம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் நான்கு மதத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. எங்கே தொடங்குவது? யார் மனமும் புண்படாமல் நடத்த முடியுமா?

எங்கே தொடங்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தவற்றைச் செய்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் ‘நல்லவர்கள்’, வலப்பக்கம் ‘கெட்டவர்கள்’ என்று தலைப்பிட்டேன். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பெயர் சொன்னார்கள். அரசர்கள், அரக்கர்கள், திருடர்கள், ஏதோ ஒரு கதையில் வந்த நரி. மணி அடித்தது. இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் வலப்பக்கத்தில், நரிக்கும் கீழே, பொடி எழுத்தில் ‘டீசசர்’ என்று எழுதியிருந்தது. புள்ளி இல்லாத ‘ச்’. என் வகுப்பில் புள்ளி வைக்க மறக்கிறவன் ஒருவன்தான். அன்று காலை கணக்கு நேரத்தில் அவன் படம் வரைந்துகொண்டிருந்தான் என்று தாளைப் பிடுங்கிக் கிழித்திருந்தேன்.

கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அழிப்பானை எடுத்து மேலிருந்து கீழே எல்லாப் பெயர்களையும் அழித்துக்கொண்டே வந்தேன். அந்தக் கடைசிப் பெயரை அழிக்கத்தான் நேரமாயிற்று.

அதனால் ஆட்களில் தொடங்காதீர்கள், செயல்களில் தொடங்குங்கள். மனிதர்களை இரண்டு கட்சியாகப் பிரித்தால், ஒன்பது வயதுப் பிள்ளை அடுத்துக் கேட்பது ‘நான் எந்தப் பக்கம்?’ என்பது. அதற்கடுத்து ‘அவன் மதத்துக்காரர்கள் எந்தப் பக்கம்?’ என்று கேட்பான். அந்த இரண்டாவது கேள்விக்குப் பிறகு உங்கள் பாடத்தை யாராலும் காப்பாற்ற முடியாது.

ஆறு வாரத்துக்கும் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: தீமை எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு மரபும் இதற்கு வேறு வேறு பதில் சொல்கிறது. பிள்ளைகளுக்குச் சுவாரசியமே அங்கேதான். நல்ல ஆற்றலுக்கும் அழிக்கும் ஆற்றலுக்கும் இடையே போர் நடக்கிறது, நீ யார் பக்கம் நிற்கிறாய் என்று கேட்கிறது பழைய பாரசீகத்து ஜரதுஷ்டிர மதம். நிற்பதற்கு வழியாக அது சொல்வது நல்லெண்ணம், நற்சொல், நற்செயல். மனிதனுக்குள் நல்ல நாட்டம், தீய நாட்டம் என இரண்டு உண்டு என்கிறார்கள் யூத அறிஞர்கள். அதோடு நிறுத்தவில்லை, அந்தத் தீய நாட்டம் இல்லாவிட்டால் ஒருவனும் வீடு கட்டமாட்டான், மணம் செய்துகொள்ளமாட்டான், வியாபாரம் செய்யமாட்டான் என்றும் அவர்களுடைய பழைய விளக்கவுரை ஒன்று சொல்கிறது. கிறிஸ்தவத்தில் தோட்டம், மரம், விலக்கப்பட்ட கனி. (அது ஆப்பிள் என்று பைபிளில் எங்கும் இல்லை. பிள்ளைகள் ஆப்பிளைத்தான் வரைவார்கள், வரையட்டும்.) குழந்தை தூய இயல்போடு பிறக்கிறது என்கிறது இஸ்லாம். பேராசை, வெறுப்பு, அறியாமை என்று மூன்று வேர்களைக் காட்டுகிறது பௌத்தம். திபெத்திய ஓவியங்களில் சேவல், பாம்பு, பன்றி என்று சக்கரத்தின் நடுவில் சுற்றிக்கொண்டிருப்பவை இவைதாம். இதைக் காட்டினால் வகுப்பே எழுந்து முன்னால் வந்துவிடும்.

பழைய சீனத்துத் தத்துவ அறிஞர்கள் மென்சியஸையும் சுன்சியையும் ஒரே நாளில் நடத்துங்கள். கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் யாருக்கும் நெஞ்சு பதறும், ஆகவே மனித இயல்பு நல்லது என்றார் மென்சியஸ். கோணல் மரத்தை ஆவியில் வாட்டி நிமிர்த்துவதுபோல மனிதனையும் நிமிர்த்த வேண்டும், இயல்பு கெட்டது என்றார் சுன்சி. என் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு சிறுமி கேட்டாள், “கிணற்றுக்குப் பக்கத்தில் குழந்தையைத் தனியாக விட்டது யார் டீச்சர்?” மென்சியஸிடம் இதற்குப் பதில் இருந்ததா தெரியாது, என்னிடம் இல்லை.

ஆனால் ஒரே ஒரு கதைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் புத்தர் தம் மகன் ராகுலனுக்குப் பாடம் சொன்ன கதையை எடுங்கள். அப்போது அவனுக்கு ஏழு வயது என்று பௌத்த மரபு சொல்கிறது, ஏறக்குறைய உங்கள் பிள்ளைகளின் வயது. கால் கழுவ அவன் தண்ணீர் வைக்கிறான். கழுவி முடித்தபின் பாத்திரத்தில் கொஞ்சம் மிச்சம். வேண்டுமென்றே பொய் சொல்லக் கூசாதவனிடம் இருக்கும் துறவு இவ்வளவுதான் என்கிறார் புத்தர். அந்தத் தண்ணீரையும் கொட்டுகிறார். பாத்திரத்தைக் கவிழ்க்கிறார். நிமிர்த்தி வெறுமையைக் காட்டுகிறார். பிறகு, கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்ப்பதற்கு என்கிறான் பையன். அப்படியே செயலையும் செய்யுமுன் பார், செய்யும்போது பார், செய்தபின் பார், உனக்கோ பிறருக்கோ துன்பம் வருமா என்று பார் என்கிறார்.

ஒரு சொம்பும் ஒரு முகக் கண்ணாடியும் போதும், பாடம் நடந்துவிடும். நான் சொம்பைக் கவிழ்த்ததும் முன்வரிசைப் பையன் “தண்ணீரை ஏன் வீணாக்கினார்? செடிக்கு ஊற்றியிருக்கலாமே” என்றான். அன்று பாதி வகுப்பு அந்த விவாதத்திலேயே போயிற்று. போகட்டும், செயலைப் பார்க்கத்தானே சொன்னார் புத்தர்.

மனம் புண்படுவது பற்றி. ‘இவர்கள் இப்படி நம்புகிறார்கள்’ என்ற வாக்கியத்தை விட்டு நகராதீர்கள். ‘உண்மையில் இப்படித்தான்’ என்பதும் வேண்டாம், ‘பாவம், இப்படி நம்புகிறார்கள்’ என்ற குரலும் வேண்டாம். பிள்ளைகளுக்குக் குரல் புரியும். வகுப்பில் ஒரே ஒரு முஸ்லிம் பிள்ளை இருந்தால், “நீ சொல், உங்களில் எப்படி?” என்று எழுப்பி நிறுத்தாதீர்கள். எட்டு வயதில் யாரும் ஒரு மதத்தின் பிரதிநிதி இல்லை. என்ன நடத்தப்போகிறீர்கள் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுங்கள். புகார் பெரும்பாலும் பாடத்தால் வருவதில்லை, பாதியாக வீட்டுக்குப் போய்ச் சேரும் பாடத்தால் வருகிறது.

கேள்வி: இவ்வளவு எதற்கு? எல்லா மதங்களும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்று சொல்லிக்கொடுத்தால் போதாதா?

போதாது. அது உண்மையும் இல்லை. உனக்குப் பிடிக்காததைப் பிறருக்குச் செய்யாதே என்று கன்பூசியஸும் சொன்னார், யூத அறிஞர் ஹில்லலும் சொன்னார். இயேசு அதையே ‘செய்’ என்று திருப்பிச் சொன்னார். நடத்தையில் இப்படி நிறைய ஒற்றுமை உண்டு, அதைத் தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் ஒன்று ஏன் தீமை என்று கேட்டுப் பாருங்கள். படைத்தவருக்குக் கீழ்ப்படியாமை என்பார் ஒருவர், வினையாகத் திரும்பி வரும் என்பார் இன்னொருவர், அறியாமையின் விளைவு என்பார் மூன்றாமவர், அடுத்தவருக்கு வலிக்கும், அவ்வளவுதான் என்பார் நான்காமவர். இவர்கள் நால்வரையும் ஒரே ஆளாக்குவது, நால்வர் பேச்சையும் கேட்காமல் விடுவதற்குச் சமம்.

கேள்வி: என் ஏழு வயது மகன், தெரியாமல் நிறைய உடைத்தவன்தான் பெரிய தப்பு செய்தவன் என்று அடித்துச் சொல்கிறான். வேண்டுமென்றே ஒன்றை உடைத்தவனை விட்டுவிடுகிறான். மனச்சாட்சி வளரவில்லையோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. உங்கள் மகன் சொன்னதைத்தான் ழான் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் 1932-இல் எழுதிவைத்திருக்கிறார். அவர் பிள்ளைகளிடம் இரண்டு கதை சொன்னார். ஒருவன் கதவைத் திறக்கிறான், பின்னால் தட்டில் கோப்பைகள் இருப்பது தெரியாது, 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் எடுக்க ஏறுகிறான், ஒரு கோப்பை உடைகிறது. யார் செய்தது பெரிய தப்பு? சின்னப் பிள்ளைகளில் பலர் 15 கோப்பையைக் காட்டினார்கள். வளர வளர, எண்ணத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பியாஜேயின் கதையில் ஒரு வில்லங்கமும் உண்டு. கோப்பை கண்ணுக்குத் தெரிகிறது, எண்ணம் தெரிவதில்லை. எண்ணத்தைத் தெளிவாக விளக்கிச் சொன்னால் இன்னும் சிறிய பிள்ளைகளே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே “ஏன் உடைத்தான்?” என்று கேட்பதோடு, “உடைக்குமுன் அவன் மனதில் என்ன நினைத்தான்?” என்றும் கேட்டுப் பாருங்கள்.

பெரியவர்களுக்கும் இது எளிதாக விளங்கிய விஷயம் இல்லை. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற நபிமொழியைத் தம் தொகுப்பின் முதல் மொழியாக வைத்தார் இமாம் புகாரி. மனத்தால் செய்யும் இம்சையையும் கையால் செய்யும் இம்சையையும் சமணர்கள் தனித்தனியாகப் பெயரிட்டுப் பிரித்தார்கள். தெரியாமல் ஒருவரைக் கொன்றவன் பழிவாங்குபவனிடமிருந்து தப்பி ஓட ஆறு அடைக்கல நகரங்களை ஒதுக்கச் சொல்கிறது பழைய ஏற்பாடு. ஆறு நகரங்கள்! உங்கள் மகனுக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுங்கள்.

கேள்வி: பாடநூலில் கறுப்பும் வெள்ளையுமான யின்-யாங் வட்டத்தைப் போட்டு, கறுப்பு தீமை, வெள்ளை நன்மை என்று எழுதியிருக்கிறது. சரியா?

தவறு. மலையின் நிழல் பக்கம், வெயில் பக்கம் என்பதே யின், யாங் என்ற சீனச் சொற்களின் பழைய பொருள். நிழல் தீமை என்றால் மரத்தடியில் யாரும் உட்கார முடியாது. கறுப்பைத் தீமைக்கு நிறமாக்கும் பாடம் எதுவாக இருந்தாலும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போங்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் நிறம் உண்டு.

கேள்வி: எங்கள் வீட்டில் கடவுள் நம்பிக்கை இல்லை. ‘கடவுள் தண்டிப்பார் என்ற பயம் இல்லாமல் உங்கள் மகள் எப்படி நல்லவளாக வளர்வாள்?’ என்று அவளுடைய ஆசிரியரே கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். எலியட் டூரியல் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரைச் சேர்ந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். “டீச்சர் அனுமதித்தால் சீருடை இல்லாமல் வரலாமா?” வரலாம் என்றன பிள்ளைகள். “டீச்சர் அனுமதித்தால் பக்கத்துப் பிள்ளையை அடிக்கலாமா?” கூடாது. ஏன்? வலிக்கும். லாரி நூச்சி என்பவர் ஆழ்ந்த மதப்பற்றுள்ள குடும்பங்களின் பிள்ளைகளிடம் இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்டார். அடிக்கக் கூடாது என்று கடவுள் விதி எதுவும் வைக்கவில்லை என்றால்? அப்போதும் தப்புதான் என்றார்கள் பெரும்பாலோர். ஓய்வு நாளில் வேலை செய்வதைப் பற்றிக் கேட்டால் மட்டும், விதி இல்லையென்றால் செய்யலாம் என்றார்கள்.

‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்று எழுதிய கணியன் பூங்குன்றனாரும் தண்டனைப் பயம் காட்டவில்லை.

ஆனால் உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மகளின் தோழி ‘கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்று சொன்னால், அதைப் பயம் என்று மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். நம்பிக்கையுள்ள பல பிள்ளைகளுக்கு அது துணையாக இருக்கிறது, இருட்டில் அம்மா பக்கத்தில் இருப்பதைப் போல. உங்கள் மகள் அதை நம்ப வேண்டியதில்லை, சிரிக்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: பேரனுக்குப் பிரகலாதன் கதை சொன்னேன். ‘தாத்தா, அவனும் அசுரன்தானே, அப்படியென்றால் அவன் கெட்டவனா?’ என்று கேட்டுவிட்டான். திணறிப்போனேன்.

திணறியது நல்லது. பேரன் கதையின் மையத்தையே பிடித்துவிட்டான். ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று திருப்பிக் கேட்டுவிட்டு, மகாபலியின் கதையையும் சொல்லுங்கள். அடுத்த கேள்வி இன்னும் கடினமாக வரும், தயாராக இருங்கள்.

கேள்வி: என் வகுப்பில் ஒரு சிறுமியின் அப்பா போன மாதம் இறந்துவிட்டார். நன்மை, தீமை பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு மாணவன், ‘அவள் என்ன பாவம் செய்தாள் டீச்சர்?’ என்று கேட்டான். அவள் அங்கேயே இருந்தாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நாளைக்கே அந்தப் பேச்சுக்குத் திரும்புங்கள். அவன் கொடுமையாகக் கேட்கவில்லை. நாம் கொடுத்த சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். தீமை செய்தால் துன்பம் வரும் என்றால், துன்பம் வந்தவர் தீமை செய்திருக்க வேண்டும். கணக்குப் பாடத்தில் இப்படி யோசித்தால் தட்டிக்கொடுப்போம்.

இந்தக் கேள்வி பழையது என்று சொல்லுங்கள். பைபிளில் யோபு என்ற நல்ல மனிதர் பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழக்கிறார். நண்பர்கள் மூவர் பார்க்க வருகிறார்கள். ஏழு பகல், ஏழு இரவு ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை சரி. அதன்பின் வாயைத் திறந்து, நீ ஏதோ தப்பு செய்திருப்பாய் என்கிறார்கள். கடைசியில் கடவுள் அந்த நண்பர்களிடம்தான் கோபப்படுகிறார். வினையை நம்பும் வீட்டுப் பிள்ளைகளிடம், அது தன் செயலைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன பாடம், ராகுலனின் கண்ணாடியைப் போல, அதை அடுத்தவர் முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது என்று சொல்லலாம். ஏன் இறந்தார் என்று நேராகக் கேட்டால், நோயைச் சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லுங்கள், ஆசிரியர் வாயால் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் வகுப்புக்குச் சொல்லுமுன் அந்தச் சிறுமியிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாளைக்கு இதைப் பேசப்போகிறேன், நீ இருக்கிறாயா, நூலகத்தில் இருந்துவிட்டு வருகிறாயா என்று. இருக்கிறேன் என்றால், அன்று மேசைக்குப் பின்னால் நிற்காதீர்கள். அவள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கச் சொல்லி, அங்கே உட்கார்ந்தபடி கதையைச் சொல்லுங்கள்.