"அதுக்கப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கும்"

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

என் கணவர் அமெரிக்க விமானப்படையில் சென்சார் ஆபரேட்டர். ரீப்பர் ட்ரோனின் கேமராவையும் லேசரையும் இயக்குவது அவர் வேலை. போர் நடக்கும் நாட்டில் அவர் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஒரு மணி நேரக் கார் பயணம், வீடு. நான்கு வருடமாக இதுதான்.

எட்டு மாதமாக ஆள் மாறிவிட்டார். வண்டியை கராஜுக்குள் விட்டபின் முக்கால் மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆறு வயது மகள் ஓடி வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். தூக்கம் இல்லை. இரண்டு பெக் நான்காகிவிட்டது.

போன மாதம் ட்ரோன் போரைப் பற்றிய ஒரு படம் பார்த்தோம். ஏவுகணை விழுகிறது, திரை வெளுக்கிறது, அடுத்த காட்சியில் நாயகன் வீட்டில் குடித்துக்கொண்டிருக்கிறான். "இவங்க கட் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கும்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். ஒரு தாக்குதலில் கடைசி விநாடிகளில் ஒரு பையன் திரைக்குள் வந்தான் என்று மட்டும் அன்றிரவு சொன்னார். நான் பதறிப்போய், "நீங்க கடமையைத்தானே செஞ்சீங்க, உத்தரவு குடுத்தது வேற யாரோ" என்றேன். அதன்பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

"ஏசி ரூமில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுறவனுக்கு என்ன மன உளைச்சல்?" என்கிறார் என் அண்ணன். இது பி.டி.எஸ்.டி.யா, அதாவது கொடூர அனுபவத்துக்குப் பின் வரும் மன நோயா? நான் சொன்னதில் என்ன தப்பு? டாக்டரிடம் போனால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார். என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அமெரிக்கா

---

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒன்றைத் தெரிந்துகொண்டு பிறகு மீதியைப் படியுங்கள். கராஜில் உட்கார்ந்திருக்கும்போது இன்ஜின் அணைந்திருக்கிறதா? மூடிய கராஜில் ஓடும் இன்ஜின் விடும் கார்பன் மோனாக்சைடு வாசனை தெரியாமலே ஆளைக் கொல்லும். வீட்டில் துப்பாக்கி இருந்தால் தோட்டாவைத் தனியே எடுத்துப் பூட்டி, சாவியை இன்னொருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. "ஆமாம்" என்றால், அல்லது பதிலே வராவிட்டால், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐ அழைத்து, படையினருக்கான 1ஐ அழுத்துங்கள். இப்போது பணியில் இருப்பவர்களும் குடும்பத்தாரும் அந்த எண்ணில் பேசலாம்.

உங்கள் கணவர் விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். போர் விமானத்தின் பைலட் குண்டைப் போட்டுவிட்டு வேகமாக விலகிவிடுகிறார். ட்ரோன் அங்கேயே வட்டமிடுகிறது. யார் விழுந்தார்கள், எத்தனை பேர், யார் ஓடி வந்து அள்ளுகிறார்கள் என்று எண்ணிச் சொல்ல வேண்டியது கேமராவைப் பிடித்திருப்பவர்தான். அதற்கு முன்பும் அதே வீட்டை நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் பார்த்திருப்பார். எத்தனை மணிக்கு அடுப்புப் புகை கிளம்பும், எந்தக் குழந்தை எப்போது வாசலுக்கு வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வீடியோ கேமில் இந்த முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அண்ணனிடம் இதை மட்டும் சொல்லுங்கள், வாதாட வேண்டாம்.

இது பி.டி.எஸ்.டி.யா என்றால், இருக்கலாம். மனநோய்களை வரையறுக்க அமெரிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 கையேடு, திரையில் பார்த்த கொடூரத்தைப் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அது வேலையின் பகுதியாக இருந்தால் கணக்கில் வரும் என்று தெளிவாகவே சொல்கிறது. ஆகவே "நீ அங்கே போகவே இல்லையே" என்று யாரும் அவரைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது எனக்கு வேறு ஒன்றைச் சொல்கிறது. பயந்தவர் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். தன் கை அழுக்கு என்று நினைப்பவர்தான் அதை மறைப்பார்.

இதற்கு 'மாரல் இஞ்சுரி' என்று பெயர். தார்மீகக் காயம் எனலாம். வியட்நாம் போரில் ஈடுபட்ட வீரர்களுக்குச் சிகிச்சை தந்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே 1990களில் இதைப் பற்றி எழுதினார். 2009இல் உளவியலாளர் பிரெட் லிட்ஸ் குழுவினர் இதை விரித்து வரையறுத்தார்கள்: தன் ஆழ்ந்த அறத்துக்கு எதிரானதைச் செய்வது, தடுக்காமல் போவது, அல்லது அருகிருந்து பார்ப்பது. இது தனி நோயாகப் பட்டியலில் இல்லை, ஆனால் சிகிச்சையின் போக்கையே மாற்றும். பி.டி.எஸ்.டி.யின் நடுவில் இருப்பது பெரும்பாலும் பயம். இங்கே இருப்பது குற்றவுணர்வு, அது முற்றினால் அவமானம். "தப்பு செஞ்சுட்டேன்" என்பது ஒரு நாள் "நான் தப்பானவன்" என்று மாறிவிடுகிறது. ஆபத்து இரண்டாவதில்தான்.

நீங்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பைலட் ட்ரிகரை அழுத்தியபின் ஏவுகணை போய்ச் சேரும் அந்த இருபது முப்பது விநாடியும் லேசர்ப் புள்ளியை இலக்கின்மேல் பிடித்திருப்பது உங்கள் கணவரின் கை. யாராவது குறுக்கே வந்தால் புள்ளியை வெற்றிடத்துக்கு நகர்த்தவும் முடியும், நேரம் இருந்தால். "உத்தரவு குடுத்தது வேற யாரோ" என்று நீங்கள் சொன்னபோது, "இவளுக்கு என் வேலை என்னன்னே தெரியல" என்று அவர் காதில் விழுந்திருக்கும். அவரைக் கட்டிப்போட்டிருப்பது உத்தரவல்ல, 'நகர்த்தியிருக்கலாமோ' என்ற ஒரே கேள்வி.

அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் முடியாது. நடந்ததன் விவரத்தை உங்களிடம் சொல்ல அவருக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. துருவிக் கேட்டால் வாய் இன்னும் இறுகும். "என்ன நடந்ததுன்னு சொல்ல வேண்டாம். அது உங்களுக்குள்ள என்ன பண்ணுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பத்து நிமிட மௌனம் வந்தாலும் நிரப்பாதீர்கள். "அன்னைக்கு அவசரப்பட்டு ஆறுதல் சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சிகிச்சைக்குப் போனதும் பி.சி.எல்-5 என்ற கேள்வித்தாளை நீட்டுவார்கள். 20 கேள்விகள், 0 முதல் 80 வரை மதிப்பெண், 31-33க்கு மேல் போனால் பி.டி.எஸ்.டி. என்று சந்தேகிப்பார்கள். பயம் சார்ந்த கேள்விகள் நிறைய உண்டு, குற்றவுணர்வுக்கு இடம் குறைவு. அவருக்கு மதிப்பெண் குறைவாக வந்து, "பெரிசா ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவிடக்கூடும். ஆகவே முதல் சந்திப்பிலேயே "எனக்குப் பயம் இல்ல, குற்றவுணர்ச்சிதான்" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும்.

இன்னொரு இடத்திலும் தவறு நடக்கும். நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் முறை பயத்தைத் தணிக்கும். குற்றவுணர்வை அது மட்டும் தணிக்காது, சிலருக்குக் கிளறியும் விடும். நடந்ததைப் பற்றிய எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும், 12 அமர்வுகள் கொண்ட சி.பி.டி. நல்ல முறைதான், ஆனால் குற்றவுணர்வு முழுவதையும் 'பிழையான எண்ணம்' என்று திருத்தப் பார்க்கும் ஆலோசகரிடம் அது வீணாகும். லிட்ஸ் குழுவினர் உருவாக்கிய 'அடாப்டிவ் டிஸ்க்ளோஷர்' முறையில், தான் மதிக்கும், தன்மேல் அன்புள்ள ஒருவர் எதிர் நாற்காலியில் இருப்பதாக வைத்து, நடந்ததை அவரிடம் சொல்லி, அவர் என்ன பதில் தருவார் என்பதையும் தானே பேச வேண்டும். தேவைப்பட்டால் இறந்தவரிடமும் பேசலாம். கேட்க நாடகம்போலத் தோன்றும். ஆனால் உள்ளே ஓடும் விசாரணையில் இதுவரை நீதிபதி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார், இதில் இன்னொரு குரலும் சேர்கிறது.

பொறுப்பைப் பங்கிடும் பயிற்சியும் உண்டு. ஒரு வட்டம் வரைந்து, அந்த விநாடிக்குப் பின்னால் இருந்த எல்லோரையும் எழுத வேண்டும்: இலக்கைக் குறித்த உளவுப் பிரிவு, அனுமதி தந்த அதிகாரி, சட்ட ஆலோசகர், பைலட், குழந்தைகள் இருக்கும் இடத்தில் தங்கிய, இலக்கான அந்த ஆள், செயற்கைக்கோள் இணைப்பின் ஒன்றிரண்டு விநாடித் தாமதம். எல்லோருக்கும் பங்கு போட்டபின் கடைசியாகத் தன் பங்கு. 100 சதவீதமும் தன்னுடையது என்று வந்தவர் 10, 15இல் நிற்கக்கூடும். அங்கே நிற்கட்டும். அதைப் பூஜ்யமாக்கியே தீருவேன் என்கிற ஆலோசகரிடம் இரண்டாவது முறை போக வேண்டாம். பையன் வருவான் என்று தெரிந்த கண்ணோடுதான் எட்டு மாதமாக அவர் அந்தக் காட்சியை மனதில் ஓட்டுகிறார். தெரியாமல் உட்கார்ந்திருந்த அன்று, அகச்சிவப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பையன் என்று கண்டுகொள்ளவே எத்தனை விநாடி ஆகியிருக்கும்? ரகசியத் தகவல்களைக் கேட்க அனுமதி பெற்ற படைப்பிரிவு உளவியலாளரோடு இந்தக் கணக்கைப் போடலாம். சில படைத்தளங்களில் அத்தகையவர்களை வைத்திருக்கிறார்கள்.

வேலை பற்றிய பயத்துக்கு வருகிறேன். விமானப்படைச் சாப்ளினிடம், அதாவது படையோடு இருக்கும் மதகுருவிடம், சொல்வது முழு ரகசியம். சாமி கும்பிடாதவரும் போகலாம். 'வெட் சென்டர்' எனப்படும், படையினருக்கான அரசு ஆலோசனை மையங்களும் உண்டு. போர்ப் பகுதியில் நடந்த நடவடிக்கைக்கு நேரடியாக உதவிய ட்ரோன் குழுவினர் அமெரிக்க மண்ணை விட்டு நகராதவர்களானாலும், இன்னும் பணியில் இருந்தாலும், அங்கே இலவசமாகப் போகலாம். அவர் சம்மதிக்காமல் அந்தப் பதிவுகள் பொதுவாக ராணுவத்துக்குப் போகாது. தளத்து மருத்துவரிடம் போனால் கொஞ்ச காலம் ட்ரோன் இயக்கும் இருக்கையிலிருந்து இறக்கி வைக்க வாய்ப்புண்டு, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆலோசனை பெற்றதற்காக மட்டும், ரகசியத் தகவல்களைக் கையாளும் பாதுகாப்பு அனுமதி போய்விடாது. நாலு பெக் போட்டுவிட்டு வண்டி ஓட்டி மாட்டினால் அதற்குத்தான் ஆபத்து. பிராண்டன் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தபின், காரணம் சொல்லாமலே மேலதிகாரியிடம் மனநல மதிப்பீடு கேட்கலாம்.

கராஜ் நேரத்தைப் பிடுங்காதீர்கள். அந்தக் காலத்தில் வீரர்கள் கப்பலில் வாரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள், இவருக்கு ஒரு மணி நேரம்தான். இருபது நிமிடம் என்று இருவரும் பேசி வையுங்கள், கராஜுக்குள் வேண்டாம், வெளியே நடக்கட்டும். குடியைத் தூக்க மருந்தாக்கினால் பின்னிரவில் விழிப்பு தட்டும், கனவும் கூடும். மகளைத் தூக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். இருவரும் சேர்ந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும், ஷூ லேஸ் கட்டக் கற்றுத் தரட்டும். கைக்கு வேறு வேலை கிடைத்தால் போதும்.

முதல் அழைப்பை நீங்களே செய்யலாம், குடும்பத்தாருக்கும் வெட் சென்டர் திறந்திருக்கிறது. எண் 877-927-8387. "ட்ரோன் குழுவினரைப் பார்த்த அனுபவம் உள்ளவர் இருக்கிறாரா?" என்று அதிலேயே கேட்டுவிடுங்கள்.