மாமியைப் பார்க்கிற தங்கச்சிக்கு

கலியாணம் கட்டி லண்டன் வந்து ஏழு மாதம், பாரிசவாதம் வந்த மாமியை இரவு பகலாக நீங்கள்தான் பார்க்கிறீர்கள், இந்த விசாவில் அரசாங்க உதவி ஏதும் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

தங்கச்சி, துணைவர் விசாவில் 'நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்று இருக்கும், அரசாங்க உதவிப் பணம் எடுக்கக்கூடாது என்று அர்த்தம். அதனால் பராமரிக்கிறவருக்குக் கொடுக்கிற கேரர்ஸ் அலவன்ஸுக்கு நீங்கள் விண்ணப்பிக்கவே வேண்டாம், யார் என்ன சொன்னாலும் சரி, விசா புதுப்பிக்கும்போது பிரச்சினையாகும். ஆனால் மாமி பிரிட்டிஷ் பிரஜை, பென்சன் எடுக்கிறவர், ஆறு மாதத்துக்கு மேலாக உதவி தேவைப்படுகிறவர். அவர் தன் பெயரில் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கேட்கலாம், பென்சன் வயதில் ஆள் உதவி தேவைப்படுகிறவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற காசு அது. வீட்டு வருமானமும் சேமிப்பும் பார்க்க மாட்டார்கள். 2025 ஏப்ரல் கணக்குப்படி கிழமைக்கு 73.90 பவுண்ட், இரவிலும் பகலிலும் ஆள் தேவையென்றால் 110.40. படிவத்தை போன் பண்ணியே கேளுங்கள், ஆறு கிழமைக்குள் நிரப்பி அனுப்பினால் போன் பண்ணிய நாளிலிருந்தே காசு சேரும்.

அப்புறம், கவுன்சிலில் கேரர்ஸ் அசெஸ்மெண்ட் கேளுங்கள், பராமரிக்கிற உங்களுக்கு என்ன உதவி தேவை என்று பார்க்கிற மதிப்பீடு அது. 2014 கேர் சட்டப்படி அது பராமரிக்கிறவருக்கான உரிமை, அதற்கு உங்கள் விசா தடையில்லை. மாமியின் தேவையைப் பார்ப்பது வேறு, உங்கள் நிலையைப் பார்ப்பது வேறு, இரண்டையும் கேட்க வேண்டும்.

என் அப்பாவுக்கு மறதி நோய் வந்தபோது இந்த மதிப்பீட்டுக்காக வீட்டுக்கு வந்த கவுன்சில் அலுவலர், சமாளிக்கிறீர்களா என்று கேட்டார். அப்பா பக்கத்துக் கதிரையில் இருக்கிறார், இல்லையென்று சொல்ல வாய் வருமா? ஓம், பரவாயில்லை என்றேன். அதை அப்படியே எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் ஒரு கொப்பியை நீட்டினேன். 1.40, கழிப்பறை. 3.10, கதவைத் திறந்து வெளியே போக வெளிக்கிட்டார். 4.25, படுக்கை விரிப்பு மாற்றினேன். இப்படிப் பதினான்கு இரவுகள். வந்த பெண் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார், பிறகுதான் கிழமைக்கு நான்கு மணித்தியாலம் அப்பாவுடன் இருக்க ஒரு ஆள் வந்தார். முதல் நாள் அந்த நான்கு மணித்தியாலமும் நான் நித்திரைதான்.

ஆகவே அலுவலர் வரும்போது மாமி இல்லாத அறையில் கதையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லுங்கள், கணவரை மொழிபெயர்க்க விடாதீர்கள், அவருக்கு முன்னாலும் "பரவாயில்லை" என்றுதான் வாயில் வரும். அவருக்கும் 2024 ஏப்ரலிலிருந்து பராமரிப்புக்காக வருடத்துக்கு ஒரு கிழமை சம்பளமில்லாத லீவு கேட்க உரிமை உண்டு, கேட்கச் சொல்லுங்கள்.

கொப்பியை இன்றிரவே தொடங்குங்கள். எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், என்ன செய்தீர்கள், அவ்வளவு போதும். அட்டெண்டன்ஸ் படிவத்தில் இரவு பற்றிக் கேட்கிற பக்கத்தை நிரப்பவும் அதுதான் கைகொடுக்கும்.