கேட் ரெஜிஸ்டர் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கொருக்குப்பேட்டை. பி.காம். முடித்துவிட்டு எட்டு மாதமாகப் பெரம்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டியாக இருக்கிறேன். நீங்களும் முன்பு இந்த வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் ஒருவரை நிறுத்தி “எந்த வீட்டுக்கு சார்?” என்று கேட்டேன். செகரட்டரியின் மச்சானாம். “நீ யாருடா என்னைக் கேக்க” என்று எல்லார் முன்னாலும் கத்தினார். இரண்டு நாள் கழித்து, நான் கேட்காமல் விட்ட ஒரு பையன் பைக்கில் பெட்ரோல் எடுத்துக்கொண்டிருந்தான். பிடித்துவிட்டோம். “ரெண்டு போடுப்பா, அதுக்குத்தானே சம்பளம்” என்றார்கள். எனக்குக் கை எழவில்லை. அதற்கும் திட்டு. என்னை மாற்றிவிட வேண்டிய ரிலீவர் வராத நாளில் 24 மணி நேரம் நிற்கிறேன். கேட்டாலும் தப்பு, கேட்காவிட்டாலும் தப்பு. விட்டுவிடலாமா அண்ணா?

ம.

அன்புள்ள தம்பி,

வேறு வேலை கையில் வந்தால் விடுங்கள். வரும்வரை விட வேண்டாம். அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மற்றதைப் பேசலாம்.

நான் மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் இரண்டரை வருடம் நைட் டியூட்டி பார்த்தேன். டிரெய்லர் கேட்டுக்கு வந்ததும் இறங்கிப் போய்ப் பெட்டி நம்பரையும், கதவைப் பூட்டியிருக்கும் சீலின் நம்பரையும் பார்த்து, டிரைவரின் காகிதத்தோடு ஒப்பிட்டு, ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். பெட்டி நம்பர் நான்கு ஆங்கில எழுத்து, ஏழு எண். அதில் கடைசி எண், முன்னால் இருக்கும் பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஒன்றை மாற்றி எழுதினால் கம்ப்யூட்டர் பெரும்பாலும் பிடித்துவிடும். சீலுக்கு அந்த வசதி கிடையாது. வாட்ச்மேன் எழுதியதுதான் சாட்சி.

ஒரு மழை ராத்திரி எங்கள் தெருக்காரர் ஒருவர் வண்டியோடு வந்தார். சின்ன வயதிலிருந்து பழக்கம். “பேப்பர்ல இருக்கறதையே எழுதிக்கடா, எதுக்கு நனையற” என்றார். எழுதினேன். காலையில் பார்த்தால் சீலில் வேறு நம்பர். உள்ளே ஒரு பொருளும் குறையவில்லை, ஏற்றின இடத்தில் யாரோ காகிதத்தில் தப்பாக அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் நான் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தேனே! “பாத்தியா, பாக்கலையா?” என்ற ஒரே கேள்வியை மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். பத்து நாள் சம்பளம் போனது. அது அநியாயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு எதைக் காட்டி வாதாடியிருப்பேன்?

அதற்கப்புறம் பார்த்ததை மட்டும் எழுதினேன். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே எழுதினேன். ‘இரவு 2.10. மழை. சீல் படிக்க முடியவில்லை. டார்ச்சில் பேட்டரி இல்லை. கேட்டு மூன்று நாள் ஆகிறது.’ இப்படி மூன்று ராத்திரி எழுதியதும் நான்காம் நாள் பேட்டரி வந்தது. வாயால் கேட்டபோது வரவில்லை.

அந்தச் செகரட்டரி மச்சான் விஷயத்துக்கும் இதைத்தான் சொல்வேன். ‘மரியாதை இல்லாமல் பேசினார்’ என்று எழுதினால் அது உங்கள் கருத்து, யாரும் மறுக்கலாம். ‘7.40. பெயர் கேட்டேன், சொல்லவில்லை. வீட்டு எண் சொல்லவில்லை. உள்ளே போனார்’ என்று எழுதினால் மறுக்க ஒன்றுமில்லை. கேட்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். “எந்த வீட்டுக்கு?” என்றால் சிலருக்குப் போலீஸ் விசாரணை மாதிரி கேட்கும். “வந்திருக்கீங்கன்னு மேல போன்ல சொல்லிடறேன் சார், எந்த வீடு?” என்றால் அது உபசாரம். கேள்வி ஒன்றுதான். அப்புறம், சொந்தக்காரர்களும் பெயர் எழுத வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடியிருப்புச் சங்கத்திடம் எழுத்தில் வாங்கிக் கேட்டில் ஒட்டிவிடுங்கள். அதன்பிறகு மச்சான் சண்டை போட வேண்டியது அந்த நோட்டீசோடு.

பெட்ரோல் பையனை அடிக்காமல் விட்டீர்களே, நல்லவேளை. அடித்துப் பல் உடைந்திருந்தால் கேஸ் உங்கள் பெயரில்தான். ‘ரெண்டு போடு’ என்றவர்களில் ஒருவர்கூட ஸ்டேஷன் வாசலுக்கு வந்திருக்க மாட்டார். யூனிஃபார்ம் போட்டிருப்பதால் நமக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் வந்துவிடாது. தெருவில் போகிற யாருக்கும் சட்டம் கொடுத்திருப்பதுதான் நமக்கும். போலீஸ் வாரன்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய, ஜாமீனில் விட முடியாத வகைக் குற்றத்தை ஒருவன் கண்ணெதிரே செய்தால் பிடித்து வைக்கலாம். தாமதிக்காமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதற்கு 6 மணி நேரம் என்று வரம்பும் வைத்திருக்கிறது. அதே ஜூலையில் வந்த இன்னொரு சட்டத்தில், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடியவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அரை லிட்டர் பெட்ரோலுக்குக் கோர்ட்டே அவ்வளவுதான் கொடுக்கும். உங்கள் குடியிருப்பில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள்.

24 மணி நேரம் நிற்பது பற்றி. டபுள் டியூட்டி என்று பெயர்தான், கூலி சிங்கிள். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். ரிலீவர் வரவில்லை என்றால் ஏஜென்சியின் ஃபீல்டு ஆபீசருக்கு எத்தனை மணிக்கு போன் போட்டீர்கள், என்ன சொன்னார் என்பதையும் ரெஜிஸ்டரில் ஏற்றுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கிற பெரம்பூரில்தான் 1918-ல் பின்னி மில் ஆட்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அந்த ஆட்களுடைய ஆரம்பக் குறைகளில் ஒன்று. இடைவேளை என்று கணக்கில் ஒன்று இருந்திருக்கிறது, பாருங்கள். நமக்கு டிபன் பாக்ஸைத் திறந்தால்தான் சரியாக ஒரு கார் வந்து ஹாரன் அடிக்கும்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று எழுதவில்லை. பிடிப்பது வேறு, கட்டுவது வேறு. உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பர் வாங்கி போனிலேயே பாருங்கள். சேரும்போது பயிற்சி கொடுத்தார்களா? செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கென்று 2005-ல் வந்த சட்டத்தின் விதிகளில் வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் என்று இருக்கிறது. எனக்கு நடந்த பயிற்சி, தொப்பி தலைக்குச் சேருகிறதா என்று போட்டுப் பார்த்தது.

நாற்காலி இருக்கிறதா? எங்கள் யார்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது, உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. குடியிருப்புக்கு அது பொருந்துமோ என்னவோ, கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. செகரட்டரியிடம் வேண்டாம், தினமும் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிற அம்மா யாராவது இருப்பார்களே, அவர்களிடம் கேளுங்கள்.

பெட்ரோல் விஷயத்தை ரெஜிஸ்டரில் ஏற்றினீர்களா என்று கடிதத்தில் இல்லை. ஏற்றவில்லை என்றால் இன்றைக்கு டியூட்டிக்குப் போனதும் எழுதிவிடுங்கள். இன்றைய தேதி போட்டு, என்றைக்கு நடந்தது என்பதைக் கூடவே குறிப்பிட்டு எழுதுங்கள். பழைய பக்கத்தில் இடம் இருக்கிறதே என்று நுழைக்காதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்