புகைபோக்கியில் கேஸ் பிடித்தால் சாம்பல் நிற்குமா?

(இந்த மாதம் வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளில் பல, கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துப் பூமிக்கடியில் சேமிப்பது பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.)

அனல்மின் நிலையத்தில் கார்பன் பிடிக்கும் கருவி வைத்தால் மொட்டை மாடியில் துணி காயப்போட முடியுமா? இப்போது காய்வதற்குள் சாம்பல் படிந்துவிடுகிறது.
— வாசகி, அத்திப்பட்டு புதுநகர்

அந்தக் கருவியின் வேலை அது இல்லை. துணியில் படிவது நிலக்கரிச் சாம்பல். தொண்டையைக் கரிக்க வைப்பது கந்தக டை ஆக்சைடு. கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. சாம்பலைப் பிடிக்க ஈ.எஸ்.பி. என்ற மின்தகட்டு அமைப்பும், கந்தகத்தைப் பிடிக்க எஃப்.ஜி.டி. என்ற சுண்ணாம்புக் கரைசல் கோபுரமும் தனித்தனியாக வேண்டும். நிலையத்தின் சாம்பல் குளத்தில் கொட்டியது காய்ந்து காற்றில் பறந்தால், புகைபோக்கியில் எதை மாட்டினாலும் பயன் இல்லை. குளத்தை ஈரமாக வைத்திருப்பதுதான் அதற்கு வழி.

ஆனால் கார்பனைப் பிடிக்க வேண்டுமானால் சாம்பலையும் கந்தகத்தையும் முதலில் எடுத்தே ஆக வேண்டும். ஏன் என்பது அடுத்த பதிலில்.

கார்பன் பிடிப்பு உண்மையில் எப்படி நடக்கிறது? செலவு எங்கே ஏறுகிறது?
— பாலிடெக்னிக் மாணவர், மீஞ்சூர்

சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த திரவம் கேஸைப் பிடித்து வைக்கும், சூடானால் கக்கிவிடும். அதே தத்துவம்தான். தண்ணீருக்குப் பதில் இங்கே அமீன் என்ற ரசாயனத்தின் கரைசல். பழகிய கலவை 30 சதவீதம் மோனோ எத்தனால் அமீன், மீதி தண்ணீர்.

நிலக்கரிப் புகையில் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 15 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். புகையைச் சுமார் 40 டிகிரிக்குக் குளிரவைத்து ஒரு கோபுரத்தின் அடியில் விடுவார்கள். மேலிருந்து அமீன் வழிந்து இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடு அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கரைசலை இரண்டாவது கோபுரத்துக்கு அனுப்பி 120 டிகிரிக்குச் சூடாக்கினால், பிடித்ததை விட்டுவிட்டு மறுபடியும் முதல் கோபுரத்துக்குத் தயாராகிவிடும். ஒரு டன் பிடிக்க ஏறத்தாழ 18 டன் கரைசல் சுற்ற வேண்டும்.

செலவு ஏறுவது அந்த இரண்டாவது கோபுரத்தில். பழைய அமீனில் டன்னுக்கு 3.5 முதல் 4 கிகாஜூல் வெப்பம் வேண்டும். புதிய கலவைகளில் 2.5 வரை இறங்கியிருக்கிறது. அந்த வெப்பம் டர்பைனுக்குப் போக வேண்டிய நீராவியிலிருந்து வருகிறது. பிறகு கேஸை 110 பாருக்கு (காற்றழுத்தத்தைப்போல் சுமார் 110 மடங்கு) அழுத்த, டன்னுக்குச் சுமார் 100 யூனிட் மின்சாரம். இரண்டையும் கூட்டினால் 600 மெகாவாட் யூனிட் ஒன்று 120 முதல் 180 மெகாவாட் வரை இழக்கும். குளிர்விக்கும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். அதாவது கொசஸ்தலை ஆற்று முகத்துவாரப் பக்கம் திரும்பி வரும் சுடுநீரும் கூடும். மீனவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

எது கெடும்? அமீன்தான். ஒரு கிலோ கந்தக டை ஆக்சைடு கிட்டத்தட்ட இரண்டு கிலோ அமீனைக் கட்டிப்போடும். சூடாக்கினாலும் அது விடாது. அதனால் கோபுரத்துக்குள் நுழையும் புகையில் கந்தக டை ஆக்சைடு 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) அளவில் இருக்க வேண்டும். நம் நாட்டில் 2015-இல் வந்த விதி பெரிய பழைய யூனிட்டுகளுக்கு வைத்த வரம்பு கனமீட்டருக்கு 200 மில்லிகிராம்; அது சுமார் 70 பி.பி.எம். ஆக அந்த விதியை அப்படியே கடைப்பிடித்தாலும் போதாது, எஃப்.ஜி.டி.க்குப் பின்னால் இன்னொரு காஸ்டிக் சோடாக் கழுவல் வேண்டும். சாம்பல் உள்ளே போனால் கோபுர அடுக்குகள் அடைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் பட்டு அமீன் சிதைந்தால் அம்மோனியா வெளியேறும். டன்னுக்கு ஒன்று, இரண்டு கிலோ அமீன் வீணாவது வழக்கம். அந்தக் கசடு ஆபத்தான கழிவு. கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், கசடு எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள்.

கனடாவில் பவுண்டரி டேம் மின் நிலையத்தின் 3-ஆம் யூனிட்டில் 2014 முதல் இது ஓடுகிறது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்று கட்டினார்கள். பல ஆண்டுகள் அதை எட்டவில்லை. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசலில் நாளைக்கு 20 டன் பிடிக்கும் சோதனை ஆலை இருக்கிறது. நம் வல்லூர் அனல்மின் நிலையத்தின் 1,500 மெகாவாட்டும் 70 சதவீதம் ஓடினால், நாளைக்குச் சுமார் 24,000 டன் வெளியேறும் என்று நம் கணக்கு.

பிடித்த கேஸை எங்கள் கடலுக்கடியில்தான் புதைப்பார்களா?
— மீனவர், காட்டுப்பள்ளி

அதற்கேற்ற பாறை வேண்டும். 800 மீட்டருக்குக் கீழே போனால்தான் அழுத்தத்தில் கேஸ் திரவம்போல் அடர்த்தியாகும். அங்கே நுண்துளைகள் உள்ள மணற்பாறையும், அதற்கு மேல் கசியவிடாத களிப்பாறை மூடியும் இருக்க வேண்டும். சென்னையின் அடித்தளத்தில் பெரும்பகுதி சார்னோகைட், பல்லாவரத்தில் உடைக்கிற அதே கருங்கல். அதில் ஊசி போடக்கூட இடம் இல்லை.

தமிழ்நாட்டில் ஆழமான மணற்பாறை என்றால் காவிரிப் படுகை. எண்ணூரிலிருந்து நாகப்பட்டினம் 300 கிலோமீட்டருக்கு மேல். டெல்டா 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை உண்டு. கார்பன் புதைக்கும் கிணற்றை அந்தச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்பது பெரிய வழக்காகவே ஆகலாம். நார்வேயின் ஸ்லெய்ப்னரில் 1996 முதல் கடலடி மணற்பாறையில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் வரை இறக்குகிறார்கள். அங்கே பாறை சாதகம். அல்ஜீரியாவின் இன் சாலாவில் மூடிப் பாறையின் மேல் சந்தேகம் வந்து 2011-இல் நிறுத்திவிட்டார்கள்.

பிடித்த கேஸைக் கொண்டுபோகும் குழாய் உடைந்தால் என்ன செய்வது? அம்மோனியா கசிந்தபோது ஈரத்துணி கட்டிக்கொண்டோம்.
— வாசகர், எண்ணூர் பெரியகுப்பம்

2023 டிசம்பரில் ஈரத்துணி ஓரளவு உதவியிருக்கும், ஏனென்றால் அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். கார்பன் டை ஆக்சைடுக்கு அது உதவாது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். பள்ளத்திலும் கால்வாயிலும் தேங்கும். காற்றில் 4 சதவீதமானால் உடனடி ஆபத்து, 10 சதவீதத்தில் சில நிமிடங்களில் நினைவு போகும். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக, மேட்டுப் பக்கம் நடந்து விலகுங்கள். நம் ஊர் தட்டை நிலம் என்பதால், விலக முடியாதவர்களுக்கு மேல்மாடிதான் மேடு. வண்டியை நம்பாதீர்கள். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் சட்டார்ட்டியாவில் மழைக்கு மண் சரிந்து இப்படி ஒரு குழாய் உடைந்தது. ஆக்சிஜன் இல்லாமல் கார் எஞ்சின்களே நின்றுவிட்டன. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

கேஸில் ஈரம் இருந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகி இரும்பை உள்ளிருந்து அரிக்கும். அதனால் உலர்த்தாமல் குழாயில் ஏற்றக் கூடாது.

மணலி ஆலைகளில் தொடங்கலாமே?
— வாசகர், சின்னசேக்காடு

சரியான இடம். அம்மோனியா தயாரிக்கும் உர ஆலைகளில் கார்பன் டை ஆக்சைடைப் பிரிப்பது அன்றாட வேலை. ஒரு டன் யூரியாவுக்கு 0.73 டன் போகிறது. ஆனால் வயலில் யூரியா சிதைந்ததும் அது திரும்பக் காற்றுக்கே வந்துவிடும். அதைச் சேமிப்புக் கணக்கில் எழுத முடியாது. சுத்திகரிப்பு ஆலைகளின் ஹைட்ரஜன் யூனிட்டிலும் புகைபோக்கியைவிடச் செறிவான கேஸ் கிடைப்பதால் பிடிக்கும் செலவு குறைவு.

கழிமுகத்தில் அலையாத்தி நட்டால் போதாதா?
— மாணவி, திருவொற்றியூர்

நடுங்கள், மீனுக்கும் இறாலுக்கும் அது வீடு, புயலுக்கு அரண். கார்பன் கணக்கில் ஒரு ஹெக்டேர் சேறு ஆண்டுக்குச் சுமார் 6 முதல் 8 டன் கார்பன் டை ஆக்சைடைப் புதைக்கும். 2021 வனக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அலையாத்திக் காடுகள் மொத்தமே ஏறத்தாழ 4,500 ஹெக்டேர். மேலே சொன்ன வல்லூர் கணக்கை வைத்துப் பார்த்தால், அத்தனையும் சேர்ந்து ஓர் ஆண்டு முழுக்க உழைத்துப் புதைப்பது, அந்த நிலையத்தின் ஒன்று முதல் ஒன்றரை நாள் புகைக்குச் சமம்.